மிட்டாயா, நிலவறையா?

மாங்குளம் சந்திக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னக் கொமினிக்கேசன் கடை. போட்டோக்கொப்பி, ரீலோட், போனுக்குக் கண்ணாடி ஒட்டுதல், சார்ஜர் விற்பனை என்று பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். எழுதிப் போடாத வேலை ஒன்றும் உண்டு. "தம்பி, நேரம் போகுதில்லை. இதுக்குள்ள நல்ல கேம் ஒண்டாப் பாத்துப் போட்டு விடுங்கோ" என்று போனை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். கேட்பவர்கள் பொடியன்கள் என்று நினைக்க வேண்டாம். பொடியன்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வயல் காவலுக்குப் போகிறவர், கிளினிக் நாளில் வவுனியாவில் காலையில் இருந்து மத்தியானம் வரை வாங்கில் இருக்கிறவர், கனடாவில் இருந்து மகள் அனுப்பிய போனை வைத்துக்கொண்டு இரவில் நித்திரை வராமல் கிடக்கிற அம்மாமார், இப்படியான ஆட்கள்தான்.

இவர்களின் போனில் இடம் இருக்காது. 32 ஜீபீ போனில் வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் முக்கால்வாசியை அடைத்திருக்கும். அழிக்கவா என்று கேட்டால் முகம் மாறும். அதனால் ஒரு விளையாட்டுத்தான் போடலாம். எது என்று நான்தான் முடிவெடுக்க வேண்டும்.

நான் போடுவது இரண்டில் ஒன்று. கேண்டி கிரஷ் சாகா, அல்லது ஷட்டர்ட் பிக்சல் டன்ஜன் என்கிற நிலவறை விளையாட்டு. ஆண்ட்ராய்டில் இரண்டையும் காசில்லாமல் இறக்கலாம், இரண்டையும் பல வருடமாக நானே விளையாடுகிறேன். ஆளின் முகத்தைப் பார்த்து, இவருக்கு லேசானது, இவருக்குக் கடினமானது என்று பிரித்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிரிப்புப் பிழை என்று விளங்க எனக்கு ஒரு காலபோகமும் கொஞ்ச நெல்லும் செலவாயின.

மிட்டாய் விளையாட்டைத் தெரியாதவர் குறைவு. ஆறு நிற மிட்டாய்கள் சதுரங்களில் நிரம்பி நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டை இடம் மாற்றி, ஒரே நிறத்தில் மூன்றை வரிசையாக்கினால் அவை உடைந்து மறையும், மேலே இருந்து புதியவை விழும். நான்கு சேர்ந்தால் கோடு போட்ட மிட்டாய் வரும். அது ஒரு வரிசையை முழுதாக அள்ளும். மூலை மடிந்து ஐந்து சேர்ந்தால் உறை சுற்றிய மிட்டாய், சுற்றிவர வெடிக்கும். நேர்கோட்டில் ஐந்து சேர்ந்தால் நிறக்குண்டு. அதை எந்த நிறத்தோடு மாற்றுகிறீர்களோ, அந்த நிறம் பலகையில் ஒன்றுகூட மிஞ்சாது. இதற்கு மேல் விளங்கப்படுத்த ஒன்றும் இல்லை. என் அம்மாவுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு தடவை, அதுவும் அவ தேங்காய் துருவிக்கொண்டிருந்த நேரம். இன்றைக்கு என்னைவிட நூற்றுக்கணக்கான கட்டம் மேலே நிற்கிறா.

புத்திக்கு வேலை இல்லை என்று சொல்லமாட்டேன். கீழ் வரிசையில் கை வைத்தால் மேலே உள்ளது எல்லாம் சரிந்து, நீங்கள் நினைத்தே பார்க்காத மிட்டாய்களும் தானாகச் சேர்ந்து உடையும். அந்த நேரம் போன் ஒரு கட்டைக் குரலில் உங்களைப் புகழும். பாதி வேலை உங்களுடையது, பாதி அதிர்ஷ்டத்தினுடையது, புகழ் மட்டும் முழுக்க உங்களுக்கு. தாயக்கட்டை விழுந்த பிறகு எந்தக் காயை நகர்த்துவது என்று யோசிக்கிற அளவு யோசனை இதில் உண்டு. அதற்கு மேல் இல்லை. நாள் முழுக்க வயலில் நின்று வந்தவருக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

ஆனால் அதில் ஒரு மணிக்கூடு ஒளிந்திருக்கிறது. உங்களுக்கு ஐந்து உயிர். ஒரு கட்டத்தில் தோற்றால் ஓர் உயிர் போகும். போன உயிர் திரும்பி வர 30 நிமிடம். ஐந்தும் போனால் முழுதாக நிரம்ப இரண்டரை மணித்தியாலம். அதற்குள் விளையாட வேண்டுமென்றால் நண்பர்களிடம் உயிர் கேட்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும். கட்டம் முடிய ஒரே ஒரு நகர்த்தல் குறைகிற நேரம் பார்த்து, தங்கக் கட்டி தந்தால் இன்னும் ஐந்து நகர்த்தல் தருகிறேன் என்று கேட்கும். அந்தத் தங்கக் கட்டி விற்கிற கடையும் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த மணிக்கூட்டை ஏமாற்ற சனம் கண்டுபிடித்த வழி எனக்கு ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. போனில் நேரத்தை முன்னுக்குத் தள்ளி வைத்தால் உயிர் நிரம்பிவிடும் என்று யாரோ யாருக்கோ சொல்லிக் கொடுப்பார்கள். அடுத்த நாள் கடைக்கு வந்து, "தம்பி, வாட்ஸ்அப் வேலை செய்யுதில்லை" என்பார்கள். வாங்கிப் பார்த்தால் போனில் திகதி நாளை மறுநாள். திகதி பிழை என்று வாட்ஸ்அப் திறக்க மறுத்துக்கொண்டு நிற்கும். சரிசெய்ய அரை நிமிடம். காசு வாங்க மனம் வராது.

இலவசமாகக் கொடுக்கிற பண்டத்தில் என்ன வருமானம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். கிங் என்கிற நிறுவனம் 2012 ஏப்ரலில் இதைப் பேஸ்புக்கில் விட்டது, அதே வருடக் கடைசியில் போனுக்குக் கொண்டுவந்தது. 2016 இல் அந்தக் கிங்கை அக்டிவிஷன் பிளிசார்ட் 5.9 பில்லியன் டொலருக்கு வாங்கியது. 2023 இல் அந்த அக்டிவிஷனையே மைக்ரோசொப்ட் வாங்கிவிட்டது. அந்த ஒரு நகர்த்தல் குறைகிற இடத்தில் எத்தனை பேர் கை நடுங்கியிருக்கும் என்று பாருங்கள்.

மற்றதன் கதை வேறு. அதன் பூட்டன் 1980 இல் கலிபோர்னியாவில் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய ரோக் என்கிற விளையாட்டு. அதில் படமே கிடையாது. மின்னஞ்சல் முகவரியில் வருகிற அந்தச் சுருள் குறிதான் நீங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு மிருகம். நிலத்துக்குக் கீழே தளம் தளமாக இறங்கி, 26 ஆம் தளத்தில் கிடக்கிற ஒரு தாயத்தை எடுத்துக்கொண்டு திரும்பி மேலே வரவேண்டும். ஒவ்வொரு முறையும் வழிகள் புதிதாக அமையும். செத்தால் செத்ததுதான், முதலில் இருந்து தொடங்க வேண்டும். இந்த விதியைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ விளையாட்டுகள் வந்துவிட்டன. 2012 இல் ஒலெக் டோல்யா, வட்டபூ என்கிற புனைபெயரில், பிக்சல் டன்ஜனைப் போனுக்கு எழுதினார். பிறகு அதன் நிரலை யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்து விட்டார். 2014 இல் எவன் டெபன்ஹாம் என்பவர் அதை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். அதுதான் ஷட்டர்ட் பிக்சல் டன்ஜன். இன்றைக்கும் புதிதாக ஏதாவது சேர்த்துக்கொண்டே இருக்கிறார். ஆண்ட்ராய்டில் விளம்பரம் இல்லை, உயிர் விற்கிற கடை இல்லை. விரும்பினால் அவருக்கு ஆதரவாகக் கொஞ்சம் கொடுக்கலாம், அவ்வளவுதான். நான் ஒருமுறை கொடுத்தேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இதன் ருசி விளங்காது. ஐந்து பகுதி, பகுதிக்கு ஐந்து தளம்: கழிவுநீர்க் கால்வாய், சிறை, குகை, குள்ளர்களின் நகரம், பேய்களின் மண்டபம். ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் ஒரு பெரிய ஆள் காத்திருப்பான். முதலில் போர்வீரனாக இறங்குவீர்கள். மந்திரவாதி, கள்ளன், வேட்டைக்காரி எல்லாரும் விளையாட விளையாடத் திறப்பார்கள். எல்லாமே முறை வைத்துத்தான் நடக்கும். நீங்கள் ஓர் அடி வைத்தால் எலியும் ஓர் அடி வைக்கும். நீங்கள் நின்றால் எலியும் நிற்கும். போனை மேசையில் வைத்துவிட்டு மூன்று நாள் கழித்து வந்தாலும் அந்த எலி காலைத் தூக்கினபடி நிற்கும்.

கால்வாயில் ஓர் ஈக்கூட்டம் வரும். ஓர் அடி அடித்தால் சாகாது, இரண்டாகப் பிரியும். வெளியான அறைக்குள் நின்று அடித்தால் எட்டுப் பக்கமும் ஈயாகிவிடும். ஒடுக்கமான வழிக்குள் பின்வாங்கினால் ஒன்று ஒன்றாகத்தான் வரமுடியும். இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். இரண்டு தடவை ஈயிடம் செத்தால் தானாக விளங்கும். ஐந்தாம் தளத்தில் ஒரு கருங்களி உருண்டை இருக்கும். கூ என்று பெயர். அது தண்ணீருக்குள் நின்றால் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும், ஆகவே கரைக்கு இழுத்து வந்து அடிக்க வேண்டும். அது உடம்பை ஊதிப் பெருப்பிக்கத் தொடங்கினால் அடிப்பதை விட்டுவிட்டு விலகி ஓட வேண்டும். நான் இந்தக் களியை முதன்முதலில் வெல்ல மூன்று கிழமை எடுத்தது.

மருந்துக் குப்பிகள் கிடைக்கும். நீலம், சிவப்பு, பொன்நிறம் என்று நிறம்தான் தெரியும், உள்ளே என்னவென்று தெரியாது. ஒன்று காயம் ஆற்றும், ஒன்று பலம் தரும், ஒன்று நெருப்பாகப் பற்றும், ஒன்று நச்சுப் புகை. போன தடவை நீலம் பலம் தந்ததே என்று இந்தத் தடவை நீலத்தைக் குடித்தால் புகையில் செத்துப் போவீர்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிறங்களை மாற்றிவிடும். ஆகவே தெரியாத குப்பியைக் குடிப்பதென்றால், பக்கத்தில் எதிரி இல்லாத நேரம் பார்த்து, தண்ணீருக்குக் கிட்ட நின்று குடிக்க வேண்டும். நெருப்பு என்றால் தண்ணீருக்குள் இறங்கி அணைத்துக்கொள்ளலாம். புகை என்றால் கதவைத் தாண்டி ஓடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் தரமுயர்த்தும் சுருள்கள். ஒரு பகுதிக்கு மூன்று வீதம் கிடைக்கும். வாளுக்குப் போடுவதா, கவசத்துக்குப் போடுவதா, எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதா? 2021 இல் இரசாயன உரத்தை அரசாங்கம் நிறுத்திய போகத்தில் எங்கள் வீட்டில் இதே யோசனைதான் ஓடியது. இருந்த யூரியாவை மூன்று ஏக்கருக்கும் வீசுவதா, தண்ணீர் ஒழுங்காகப் பாயும் ஒரு ஏக்கருக்கு மட்டும் போடுவதா என்று அப்பாவும் நானும் இரண்டு இரவு கதைத்தோம். நிலவறையில் எனக்குப் பதில் தெரியும்: ஒன்றைப் பிடித்து அதற்கே போடு. வயலில் அப்பா எல்லா இடத்துக்கும் வீசினார். மூன்று ஏக்கரும் மஞ்சளடித்துப் போனது. அவரிடம் இதை நான் சொல்லவில்லை.

மிட்டாய் தாயம் என்றால், இது முந்நூற்று நாலு என்கிற கடுதாசி ஆட்டம். சின்ன வயதில் கரண்ட் இல்லாத காலத்தில், ஜாம்போத்தல் விளக்கைச் சுற்றி இருந்து பெரியவர்கள் கடுதாசி அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். 32 கடுதாசி, ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று எண்ணிக்கொண்டு, யார் எதை இறக்கினார், துரும்பு யாரிடம் என்று மனசுக்குள் கணக்கு வைத்தபடி இருப்பார்கள். கையில் விழுந்தது அதிர்ஷ்டம், அதை வைத்து என்ன செய்தாய் என்பது நீ. நிலவறையும் அதே இனம்தான்.

சின்னக் கணக்குகளை இங்கேயே முடித்துவிடுகிறேன். பற்றரியைப் பொறுத்தவரை நிலவறை வெகு சிக்கனம். புள்ளிப் புள்ளிப் படம், கறுப்புத் திரை, அசைவும் குறைவு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில் என் போனில் மிட்டாய் கிடக்கவில்லை, நிலவறைதான் கிடந்தது. டேட்டா என்று பார்த்தால், நிலவறையை ஒருமுறை இறக்கினால் போதும். மிட்டாயும் சிக்னல் இல்லாமல் ஓடும், ஆனால் நண்பரிடம் உயிர் கேட்க, கடைக்குப் போக, புதிய கட்டங்கள் இறக்க நெட் வேண்டும். இடமும் மிட்டாய்க்குத்தான் அதிகம்.

மொழி என்று வந்தால் தராசு மறுபக்கம் சாயும். மிட்டாய்க்கு ஒரு மொழியும் வேண்டாம். நிலவறைக்கு ஆங்கிலம் வாசிக்க வேண்டும். எந்தச் சுருள் என்ன செய்யும், இந்த மோதிரத்தில் சாபம் இருக்கிறதா என்பதெல்லாம் எழுத்தில்தான் வரும், வாசிக்காமல் விளையாடினால் மூன்றாம் தளத்தைத் தாண்டமாட்டீர்கள். அக்காவின் மகன் ஒன்பதாம் வகுப்பு. சாபம், நஞ்சு, செயலிழத்தல் என்பதற்கெல்லாம் ஆங்கிலச் சொல் அவனுக்கு இதிலிருந்துதான் தெரியும். ஆங்கிலப் பாடத்தில் அந்தச் சொற்கள் வந்தபாடில்லை என்பது அவனுடைய முறைப்பாடு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அம்மா ஒரு நாள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"எங்கையடா போறாய் அதுக்குள்ள?"

"நிலத்துக்குக் கீழ அம்மா. கீழ கீழ இறங்கிப் போகோணும்."

"பங்கருக்குள்ள இறங்கிறதும் இப்ப விளையாட்டா வந்திட்டுதோ" என்று சொல்லிவிட்டுத் தன் மிட்டாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டா. நான் பிறகு அவவுக்கு முன்னால் அதைத் திறப்பதில்லை. அம்மாவின் வயதுக்காரருக்கு, அவர்களாகக் கேட்டாலொழிய, நிலவறையைப் போட்டுக் கொடுப்பதும் இல்லை. யுத்தம் நடந்த இந்த ஊர்க் கடைக்காரனுக்கு இதுவும் ஒரு கணக்கு.

சரி, இனி நான் பிழைவிட்ட இடத்துக்கு வருகிறேன்.

கடை மேசையில் இருந்து விளையாடும்போது நிலவறைக்கு நிகர் இல்லை என்பது என் முடிவாக இருந்தது. அடையாள அட்டை போட்டோக்கொப்பி எடுக்க ஒருவர் வருவார், போனை வைத்துவிட்டு எழும்பலாம். கூ ஊதினபடி நிற்கும். ரீலோட் போடலாம், பஸ் வந்ததா என்று கேட்பவருக்குப் பதில் சொல்லலாம், திரும்பி வந்து ஓர் அடி பின்வாங்கலாம். ஓடுகிற, பாய்கிற விளையாட்டுகளில் இது நடக்காது. ஒருமுறை தலை நிமிர்ந்தால் ஆள் செத்திருப்பான். மிட்டாயும் உங்கள் நகர்த்தலுக்குக் காத்திருக்கும்தான், ஆனால் ஆட்டத்துக்கு வெளியே அதன் மணிக்கூடு ஓடும். உயிர் நிரம்பிவிட்டது வா, இன்றைய பரிசை எடுக்க வா என்று போன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். நிலவறை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஆகவே வருகிறவர்களுக்கு, அம்மாமாரைத் தவிர, நிலவறையை வலிந்து சிபாரிசு செய்தேன். அதுவும் வயல் காவலுக்குப் போகிறவர்களுக்கு. காட்டுக் கரையில் சிக்னல் இல்லை, விடியும்வரை சார்ஜ் நிற்க வேண்டும், எப்போது எழும்ப வேண்டி வருமென்று சொல்ல முடியாது. எல்லாத்துக்கும் பொருந்துகிறதே.

எங்கள் வயல் ஒட்டுசுட்டான் பக்கம், காட்டுக் கரையில். தை மாதக் கடைசி. கதிர் முற்றிக்கொண்டு வருகிற நேரம். அந்த மணம் யானைக்கு எப்படித்தான் போகுமோ, சரியாக அந்தக் கிழமை வரும். பக்கத்து வயல் அண்ணையும் நானும் பரணில் முறை வைத்து முழித்திருந்தோம். பன்னிரண்டில் இருந்து மூன்று மணிவரை என் முறை. டோர்ச், யானைவெடி, தேத்தண்ணிப் போத்தல் எல்லாம் பக்கத்தில். போனில் பதினான்காம் தளம். அதற்கு முந்தின மூன்று மாதத்தில் நான் அவ்வளவு ஆழம் போயிருக்கவில்லை. பை நிறையச் சாமான், நல்ல கவசம், அடுத்த தளத்தில் அந்தப் பெரிய இயந்திரம் காத்திருக்கிறது. தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இந்த அறையை மட்டும் முடித்துவிட்டு எழும்புவோம் என்று நினைத்தேன். அந்த அறையில் ஒரு திறப்பு இருந்தது. திறப்பு இருந்தால் பூட்டிய அறை ஒன்று எங்கேயோ இருக்க வேண்டும். அதையும் பார்த்துவிட்டு என்று நினைத்தேன்.

அண்ணை எழும்பி வெடியைக் கொளுத்தி எறிந்தபோதுதான் நிமிர்ந்தேன். மூன்று உருவம். வாய்க்கால் பக்க மூலையில் கால் ஏக்கர் அளவு மிதிபட்டு, சேற்றோடு சேர்ந்து கிடந்தது. எங்கள் பக்கம்தான் பெரும்பகுதி, அண்ணையின் வரம்போடு நின்றுவிட்டது. அதுவரைக்கும் ஆறுதல். நான் வாய் தடுமாறி, இது நிறுத்தி வைக்கக்கூடிய விளையாட்டு என்று அவருக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

"உங்கட கேமுக்குள்ள பேய் நிக்கும் தம்பி," என்றார் அண்ணை. "யானை நிக்குமே?"

அதற்குப் பிறகு இரண்டையும் வேறு விதமாக நிறுக்கத் தொடங்கினேன். நிலவறை எனக்காகக் காத்திருக்கிறது என்பது உண்மை. காத்திருக்கிறது என்பதால் நான் எழும்புகிறேன் என்று ஆகாது. கடையில் என்னை எழுப்ப ஆட்கள் வருகிறார்கள், காசோடு வருகிறார்கள், எழும்பத்தான் வேண்டும். பரணில் எழுப்ப ஆள் இல்லை. யானையும் கூப்பிட்டு வருவதில்லை. ஒரு அறைக்குப் பிறகு இன்னொரு அறை, கீழே இன்னொரு படி என்று நிலவறைக்குள் ஓர் இடத்திலும், இனிப் போதும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மூன்று மணித்தியாலம் சேர்த்த பை கையில் இருக்கும்போது வெளியே வர மனமும் விடாது.

அந்தப் போகத்தின் மிச்ச இரவுகளுக்கு அம்மாவின் மிட்டாயை என் போனில் போட்டுக்கொண்டு போனேன். நான் மாட்டுப்பட்டு நின்ற கட்டம் ஒரு பொல்லாத கட்டம். ஐந்து உயிரும் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். காசு கட்டுகிற எண்ணம் இல்லை, உயிர் கேட்கச் சிக்னலும் இல்லை. நான் வாயாரத் திட்டிக்கொண்டிருந்த அதே 30 நிமிடம் இப்போது என்னைப் பரணில் இருந்து இறக்கியது. போனைச் சட்டைப்பையில் வைத்து, டோர்ச்சை எடுத்து, வரம்பு வழியே ஒரு சுற்று. திரும்பி வந்தால் ஓர் உயிர் வந்திருக்கும். அதைத் தோற்க மூன்று நிமிடம். பிறகு மறுபடி இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். காவலுக்கு இதைவிட நல்ல மணிக்கூட்டை நானே செய்திருக்க முடியாது. செய்தவர்கள் என்ன நோக்கத்துக்குச் செய்தார்கள் என்பது வேறு கதை.

ஒரு குறை உண்டு. மிட்டாயின் வெளிச்சம். அவ்வளவு நிறத்தையும் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தால் ஒரு நிமிடத்துக்குக் காடும் வயலும் ஒரே கறுப்பு. திரை வெளிச்சத்தை ஆகக் குறைத்து, சத்தத்தையும் நிற்பாட்டிவிட வேண்டும். நிலவறையின் இருண்ட திரை இந்த விஷயத்தில் கண்ணுக்கு எவ்வளவோ மேல். இருந்தாலும் கண்ணை அங்கே இருந்து எடுப்பதே இல்லை என்றால் அந்த நன்மையால் என்ன பலன்?

பஸ்ஸுக்கு எது என்று கேட்பார்கள். வவுனியாவுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம், குலுக்கலில் சின்ன எழுத்து வாசிக்க ஏலாது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுக் கச்சான் வாங்கவும் வேண்டும் என்றால் அது யாழ்ப்பாணப் பக்கப் பயணம். எந்தப் பக்கம் என்றாலும் மிட்டாய் போதும். கிளினிக் வாங்கிலோ, நிலவறை. பெயரைக் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்புவார். ஓ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு எது நல்லது என்று தாய்மார் கேட்டால் இரண்டும் இல்லை என்றுதான் சொல்வேன். ஒன்று போட்டே ஆகவேண்டும் என்று நின்றால் மிட்டாய், அதுவும் காசு அட்டை எதுவும் போனில் பதியாமல். படிப்புக்கு நடுவில் ஐந்து உயிரோடு நிற்கும். பதினான்காம் தளத்தில் நிற்கிற பிள்ளையை எந்தத் தாயும் மேசைக்குக் கொண்டுவர முடியாது.

ஆகவே இப்போது முகத்தைப் பார்த்துப் பிரிப்பதில்லை. எங்கே இருந்து விளையாடப் போறியள், பக்கத்தில் ஆர் இருப்பினம் என்று கேட்டுவிட்டுத்தான் இறக்குகிறேன். சிலருக்குக் கேள்வி விநோதமாக இருக்கும். பழுது பார்க்க வந்த வீட்டில் கூரையைப் பற்றிக் கேட்காமல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிற மேசன் மாதிரி என்னைப் பார்ப்பார்கள்.

அறுவடை முடிந்து மாசிக் கடைசியில் பக்கத்து வயல் அண்ணை கடைக்கு வந்தார். போனை மேசையில் வைத்தார்.

"அண்டைக்கு ஒரு பேய் விளையாட்டு வச்சிருந்தீர். அதை இதிலயும் போட்டு விடும்."

நெல்லும் ஏற்றியாச்சு, சிறுபோகத்துக்கு எவ்வளவு ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் வைக்கும்வரை வேலை இல்லை, வீட்டில் பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். நான் மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தேன். நாலாம் நாள் திரும்பி வந்தார். ரீலோட் போடத்தான் வந்தவர்போல நின்றார், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அதுக்குள்ள ஒரு நண்டு வருது. ஓடினாலும் துரத்திப் பிடிக்குது."

"ஓடாதேங்கோ அண்ணை. அது உங்களைவிட இரண்டு மடங்கு வேகம். கதவுக்குப் பக்கத்தில, அதுக்குத் தெரியாமல் ஒதுங்கி நில்லுங்கோ. உள்ளுக்குக் காலை வைக்கிற நேரம் பாத்து அடிச்சால் அடி பிழைக்காது."

"அட, பண்டிக்குப் பதுங்கிறமாதிரி" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். "நேற்று ராவு மூண்டாம் தளத்தில செத்துப்போனன். இனி முதல்ல இருந்தோ?"

"ஓம் அண்ணை. முதல்ல இருந்துதான்."

"அந்தச் சிவப்புக் குப்பி நல்ல மருந்து. அதையெண்டாலும் எடுத்து வச்சிருந்திருக்கலாம்" என்று போனை மடியில் செருகினார். அடுத்த தடவை சிவப்பு வேறாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.